சேற்றில் தங்கிய பருவக்காற்று
(கடல் நுண்ணுயிர்க் கூட்டங்களின் கடந்தகாலம் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலின் மேல்மட்ட நீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் அதில் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். அந்த 10 லட்சத்தில் யார் யார் இருக்கிறார்கள், ஏன் இவர்கள் இருக்கிறார்கள், வேறு சிலர் ஏன் இல்லை என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை எளிது. நீரின் வெப்பநிலை இவ்வளவு, உப்பு இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு. இந்தச் சூழலுக்கு ஏற்றவை பெருகும், ஏலாதவை குறையும். இந்த விடை தவறன்று. ஆனால் அது பாதி விடை. மாதிரி எடுத்த அன்றைய நிலையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் கூட்டத்தின் ஒரு பகுதி விளங்காமலே நிற்கும். அந்த நீர் போன வாரம் எங்கே இருந்தது, எடுத்தது கடலடிச் சேறு என்றால் அது படிந்த காலத்தில் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால்தான் அந்தப் பகுதி துலங்கத் தொடங்குகிறது.

முதல் விடைக்கு ஒரு பெரிய மரபு இருக்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லௌரென்ஸ் பாஸ் பெக்கிங் 1934-இல் வெளியிட்ட நூலில் அதைத் தெளிவாக நிறுவினார். நுண்ணுயிர்கள் காற்றிலும் நீரிலும் பறவையின் காலிலும் ஒட்டிக்கொண்டு உலகெங்கும் பரவிவிடுகின்றன. எந்த இடத்தில் எது தலையெடுக்கும் என்பதைச் சூழல்தான் முடிவுசெய்கிறது என்பது அவர் கருத்து. டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பெய்ரிங்க் வளர்த்தெடுத்த ஆய்வு முறையிலிருந்து பிறந்த எண்ணம் அது. பெய்ரிங்க் ஒரு பிடி மண்ணை எடுத்து அதற்குக் குறிப்பிட்ட உணவைக் கொடுப்பார். அந்த உணவை உண்ணும் பாக்டீரியா எங்கிருந்தோ எழுந்து வந்துவிடும். எதைத் தேடினாலும் கிடைக்கிறது என்றால் எல்லாமே எங்கும் இருக்கிறது என்று எண்ணத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தக் குடுவை ஒன்றை மறைத்துவிடுகிறது. வந்தது எத்தனை நாளில் வந்தது, எத்தனை பேராக வந்தது என்பதை அது காட்டுவதில்லை. கடலில் ஒரு கேடு நேரும்போது அந்த வேகம்தான் எல்லாமும்.

மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் துளையிடும் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த கிணற்றின் வாய் 87 நாட்கள் அடைபடவில்லை. அமெரிக்க அரசின் மதிப்பீட்டின்படி 49 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் வெளியேறியது. மேலே மிதந்த எண்ணெயைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். பார்க்க முடியாத ஒன்று 1,100 மீட்டர் ஆழத்தில் நடந்துகொண்டிருந்தது. எண்ணெயின் நுண்துளிகளும் மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன் வாயுக்களும் நீரில் கரைந்தும் கலந்தும் மேலே எழாமல் பக்கவாட்டில் ஒரு படலமாகப் பரவின. ஜூன் மாதத்தில் அதை 35 கிலோமீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து அளந்தார்கள்.

அந்த ஆழத்து நீரின் வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். டெர்ரி ஹேசன் குழுவினர் மாதிரி எடுத்துப் பார்த்தபோது, படலத்துக்குள் ஓஷனோஸ்பிரில்லேல்ஸ் வரிசையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் பெருகிக் கூட்டத்தையே ஆட்கொண்டிருந்தன. வாரங்கள் செல்லச்செல்ல அவை பின்வாங்கின. கோல்வெல்லியா, சைக்ளோகிளாஸ்டிகஸ் போன்றவை முன்னே வந்தன. கோடை முடிந்தபோது எண்ணெயின் கணிசமான பகுதியும் மீத்தேனும் ஆழ்நீரிலிருந்து காணாமல் போயிருந்தன.

எப்படி இவ்வளவு வேகம்? சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிட் வாலன்டைனும் இகோர் மெஜிச்சும் அவர்களுடைய குழுவினரும் 2012-இல் ஒரு விடை தந்தார்கள். நீரோட்டக் கணக்கையும் பாக்டீரியாவின் வளர்ச்சிக் கணக்கையும் ஒரே கணினி மாதிரியில் இணைத்தார்கள். கிணற்றைக் கடந்த நீர் நேர்க்கோட்டில் ஓடிப்போய்விடவில்லை. வளைகுடாவின் அந்த மூலையில் ஆழ்நீர் சுழன்றது, முன்னும் பின்னும் அலைந்தது. கிணற்றருகே எண்ணெயை வாங்கிக்கொண்டு போன நீரில் பாக்டீரியாக்கள் பெருகின. சில நாட்களோ வாரங்களோ கழித்து அதே நீர் திரும்பவும் கிணற்றுக்கு மேல் வந்தது. முதல் முறை வந்தபோது அதில் எண்ணெய் உண்பவை அரிதாக இருந்தன. இரண்டாம் முறை வந்தபோது அவை ஏற்கெனவே ஒரு படையாக இருந்தன. புதிய எண்ணெய் மீது அவை உடனே பாய்ந்தன. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் உறை ஊற்றுவதைப் போல, கடல் தனக்குத்தானே உறை ஊற்றிக்கொண்டது.

இந்த முடிவின் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடம் நீர் இருக்கிறது. வெப்பநிலை ஒன்று, உப்பு ஒன்று, ஆழம் ஒன்று, இன்று அவற்றில் சேரும் எண்ணெயின் அளவும் ஒன்று. ஒன்று இரண்டு வாரம் முன்பு கிணற்றைக் கடந்து வந்தது, மற்றது கடக்கவில்லை. நம் கருவிகள் அளக்கும் எந்த எண்ணிலும் வேறுபாடு இல்லாமல், அவற்றுக்குள் இருக்கும் கூட்டமும் அது செய்யும் வேலையும் வேறாக இருக்கும். இந்த வேறுபாட்டைச் சூழல் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அப்படி ஒரு கட்டமே நம்மிடம் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மெக்சிகோ வளைகுடாவுக்கு இன்னும் பழைய ஒரு கடந்தகாலமும் உண்டு. அதன் அடித்தளப் பிளவுகளிலிருந்து எண்ணெய் இயற்கையாகவே கசிகிறது. அமெரிக்க தேசிய ஆய்வு மன்றத்தின் 2003-ஆம் ஆண்டு மதிப்பீடு இதை ஆண்டுக்குச் சுமார் 1,40,000 டன் என்கிறது. மனிதன் துளையிடுவதற்கு முன்பே, மனிதனே தோன்றுவதற்கு முன்பே, அங்கே எண்ணெயை உண்டு வாழும் பாக்டீரியா மரபுகள் நிலைகொண்டுவிட்டன. 2010-இல் பெருகியவை திடீரென்று வந்த விருந்தாளிகள் அல்ல. பெருவிபத்தின்போது வளைகுடாவுக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம். இதை எண்ணெய்க் கம்பெனிகளுக்குச் சாதகமான செய்தியாகச் சிலர் எடுத்துச்சொன்னது எனக்கு வருத்தம் தருகிறது. கசிவுப் பழக்கமே இல்லாத ஒரு கடலில் இதே விபத்து நேர்ந்தால் என்ன ஆகும் என்பதல்லவா அதிலிருந்து எழ வேண்டிய கேள்வி?

அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி 4 கோடி லிட்டருக்கும் மேல் எண்ணெய் கொட்டியபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. அந்தக் கரையோரத்து ஊசியிலைக் காடுகளிலிருந்து டெர்பீன் என்னும் பிசின் வகைப் பொருள் மழையோடு கடலில் சேர்ந்துவருகிறது. அதை உண்டு வளர்ந்த பாக்டீரியாக்கள் எண்ணெய்க்கும் ஓரளவு தயாராக இருந்திருக்கலாம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் சிலர் கருதினார்கள். அந்தக் கரைக்கு எண்ணெயும் புதிதல்ல. அங்கே எடுத்த தார்க்கட்டிகளைப் பகுத்தபோது அவற்றுள் பல எக்ஸான் வால்டெஸ் எண்ணெயே அல்ல, கலிஃபோர்னியாவின் எண்ணெய் என்று தெரிந்தது. 1964-இல் அலாஸ்காவில் நிகழ்ந்த மாபெரும் நிலநடுக்கத்தில் வால்டெஸ் ஊரின் சேமிப்புத் தொட்டிகள் உடைந்து சிந்தியது அது. கால் நூற்றாண்டு கழித்தும் கரையிலேயே இருந்தது.

இதுவரை சொன்னது நீரைப் பற்றியது. நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அதன் கடந்தகாலம் வாரக் கணக்கிலோ, ஆழ்கடலின் பெரிய நீர்த்தொகுதிகள் என்றால் நூற்றாண்டுக் கணக்கிலோ இருக்கும். வட அட்லாண்டிக்கில் ஆழ்நீர் எந்த முனையில் குளிர்ந்து அமிழ்ந்தது என்பதைப் பொறுத்து அதன் பாக்டீரியாக் கூட்டம் மாறுபடுகிறது என்பதையும் காட்டியிருக்கிறார்கள். சேறு அப்படியல்ல. படிந்த இடத்தில் அப்படியே கிடக்கிறது. அதன் மேல் அடுத்த காலம் வந்து படிகிறது. இந்தப் பேச்சில் நான் அதிக நேரம் செலவிட விரும்புவது நம் பக்கத்துக் கடலான அரபிக்கடலின் சேற்றைப் பற்றித்தான்.

தென்மேற்குப் பருவக்காற்றை நாம் குற்றாலச் சாரலாக அறிவோம். அதே காற்று சோமாலியா, ஏமன், ஓமன் கரைகளை ஒட்டி ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும்போது மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. விலகிய இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, உரச்சத்து நிறைந்த நீர் மேலெழுகிறது. வெயில் படும் மட்டத்துக்கு அது வந்ததும் மிதவைப் பாசிகள் பெருகுகின்றன. அவை மடிந்து ஆழத்துக்கு இறங்கும்போது அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைச் செலவிட்டுவிடுகின்றன. வடக்கே நிலம் மூடியிருப்பதால் புதிய ஆக்சிஜன் எளிதில் வந்து சேர்வதில்லை. இதனால் சுமார் 150 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்கும் கீழ்வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு நிலையாக நிற்கிறது. உலகிலேயே தடிமன் மிகுந்த இத்தகைய அடுக்குகளில் இதுவும் ஒன்று. சீமோர் சூவெல் தலைமையில் எகிப்தியக் கப்பலான மபாஹிஸ் 1933-34-இல் மேற்கொண்ட ஜான் மர்ரே பயணம் இந்த நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த தொடக்க முயற்சிகளில் முக்கியமானது.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் கொண்டு மூச்சு விடுகின்றன. நைட்ரேட் இறுதியில் நைட்ரஜன் வாயுவாகிக் கடலை விட்டு நீங்கிவிடுகிறது. கடலின் உரம் காற்றில் கலந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நைட்ரேட் நீக்கம் என்கிறோம். இந்த வேலையைச் செய்பவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன் கிடைத்தால் அதையும் பயன்படுத்தக்கூடியவை.

இந்த அடுக்கு எப்போதும் இதே வலுவோடு இருந்ததில்லை. பாகிஸ்தான் கரையோரச் சரிவில், ஆக்சிஜன் குறைந்த அடுக்கு கடலடியைத் தொடும் ஆழத்தில், சேற்றுத் தூண்களைக் குழாயிட்டு எடுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். சில மட்டங்களில் சேறு கருத்து, மெல்லிய ஏடுகளாக, வரி வரியாக இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாததால் புழுக்களும் நண்டுகளும் அங்கே வாழவில்லை. சேற்றைக் கிளற யாருமில்லை. ஆண்டுதோறும் படிந்தது படிந்தபடியே நின்றது. வேறு சில மட்டங்களில் சேறு வெளிறி, ஏடுகள் கலைந்து ஒன்றாகக் கிடக்கிறது. அங்கே ஆக்சிஜன் இருந்தது, புழுக்கள் இருந்தன, கிளறின. ஹார்ட்முட் ஷூல்ஸ், உல்ரிச் ஃபான் ராட், ஹெல்முட் எர்லென்கொய்சர் ஆகிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1998-இல் இந்தக் கருப்பு வெளுப்பு மாற்றங்களைக் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் வெப்பநிலை வரலாற்றோடு ஒப்பிட்டு, கடந்த 1,10,000 ஆண்டுகளுக்கு இரண்டும் ஒத்துப்போவதைக் காட்டினார்கள். வட அட்லாண்டிக் வெப்பமாக இருந்த காலங்களில் நம் பருவக்காற்று வலுத்தது, சேறு கருத்தது. அங்கே கடுங்குளிர் பிடித்தபோது பருவக்காற்று தளர்ந்தது, சேறு வெளிறியது. கிரீன்லாந்தில் குளிர் கூடுவதும் குறைவதும் அரபிக்கடலின் புழுக்கள் வாழ்வதா இல்லையா என்பதைத் தீர்த்திருக்கிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தச் சேற்றுக்குள் இன்று இருக்கும் நுண்ணுயிர்களுக்கு இந்த வரலாறு தெரியுமா? வில்லியம் ஓர்சி, மார்கோ கூலன் ஆகியோர் தங்கள் குழுவினரோடு 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. அந்தச் சரிவிலிருந்து எடுத்த சேற்றுத் தூணை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு என்ற அளவில் நெருக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் டி.என்.ஏ.வை எடுத்து வரிசை பார்த்தார்கள்.

இந்த ஆய்வின் நுட்பம் விளங்க, சேற்றுக்குள் வழக்கமாக நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் சில சென்டிமீட்டருக்குள் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் தீர்ந்துவிடும். அதற்குக் கீழே சல்ஃபேட்டைக் கொண்டு மூச்சு விடுபவை ஆட்சி செய்யும். சல்ஃபேட்டும் தீர்ந்த பிறகு மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள். ஆற்றல் தரும் பொருள் எந்த வரிசையில் தீர்கிறதோ அந்த வரிசையில் உயிர்களும் மாறும். அதாவது ஆழம்தான் கூட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். சேறு கருப்பா வெளுப்பா என்பது பொருட்டாக இருக்கக் கூடாது.

பெரும்பகுதிக்கு அப்படித்தான் இருந்தது. சல்ஃபேட் வகையினரும் மீத்தேன் வகையினரும் ஆழத்தைப் பின்பற்றியே வரிசையாக நின்றார்கள். ஆனால் ஒவ்வொரு மாதிரியிலும் 5 முதல் 15 சதவீத இனங்கள் ஆழத்தைப் பின்பற்றவில்லை. அவை சேறு படிந்த காலத்துக் கடலைப் பின்பற்றின. கருப்பு மட்டம் ஒன்று, அதற்குக் கீழே வெளுப்பு, அதற்கும் கீழே இன்னொரு கருப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கருப்பு மட்டங்களுக்கும் இடையே பல ஆயிரம் ஆண்டுகள் இருக்கலாம். இருந்தும் அந்த அடையாள இனங்களைப் பொறுத்தவரை ஒரு கருப்பு மட்டம், ஒட்டிக் கிடக்கும் வெளுப்பு மட்டத்தைவிடத் தொலைவிலுள்ள மற்றொரு கருப்பு மட்டத்தையே அதிகம் ஒத்திருந்தது.

நைட்ரேட் நீக்கத்துக்கான மரபணுக்கள் இன்னும் தெளிவாகப் பேசின. பண்டைக் காலத்தில் ஆக்சிஜன் குறைந்த அடுக்கு வலுவாக இருந்த மட்டங்களில் அவை கூடின, தளர்ந்திருந்த மட்டங்களில் குறைந்தன. அந்த ஆழத்தில் இன்று எவ்வளவு நைட்ரேட் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பயன்படுத்த நைட்ரேட் இல்லாத இடத்தில் நைட்ரேட்டைப் பயன்படுத்தும் கருவிகளை வைத்துக்கொண்டு அவை இருக்கின்றன. இன்றைய சூழல் மட்டுமே தேர்ந்தெடுக்கிறது என்றால் இவற்றுக்கு அங்கே இடமே இல்லை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வீசி ஓய்ந்த பருவக்காற்றுதான் அவற்றை அங்கே கொண்டுவந்து வைத்தது.

அப்படியானால் இத்தனை காலமும் எதைக் கொண்டு பிழைத்தன? அதே நைட்ரேட் நீக்கிகள் பலவற்றின் மரபணுத் தொகுதியில் நொதித்தலுக்கான வழிகளும் இருந்தன. ஆக்சிஜனும் வேண்டாம், நைட்ரேட்டும் வேண்டாம். கரிமப் பொருளை உடைத்துச் சிறிதளவு ஆற்றலைப் பெற்றுக்கொண்டு காலம் தள்ளலாம். நைட்ரேட் இருந்த காலத்தில் பிழைக்க ஒரு வழி, அது போன பின் இன்னொரு வழி. இந்த விளக்கம் ஆய்வாளர்களே எச்சரிக்கையோடு முன்வைத்தது. எனக்கு இது ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

இங்கே ஒரு தடையை எழுப்புவது நியாயம். அந்த டி.என்.ஏ. உயிருள்ளவற்றினுடையதா, செத்துப்போனவற்றின் எச்சமா? ஆக்சிஜன் இல்லாத குளிர்ந்த சேற்றில் டி.என்.ஏ. நெடுங்காலம் கெடாமல் கிடக்கும். கருங்கடல் சேற்றில் 7,000 ஆண்டு பழைய மிதவைப் பாசியின் டி.என்.ஏ.வையும் அதைத் தாக்கிய வைரஸின் டி.என்.ஏ.வையும் இதே கூலன் முன்பு எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒளியால் வாழும் பாசி இருண்ட சேற்றுக்குள் 7,000 ஆண்டு உயிரோடு இருந்திராது, அது எச்சமேதான். எனவே சேற்றில் கிடைப்பதையெல்லாம் வாழும் கூட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. எச்சம் எது, வாழ்வது எது என்று பிரித்தறிவது இந்தத் துறையின் மிகக் கடினமான வேலை.

ஆனால் நெடுங்காலம் உயிரோடு இருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஜப்பானிய ஆய்வாளர் யூக்கி மொரோனோ தலைமையிலான குழு தென் பசிபிக்கின் நடுவே எடுத்த சேற்றை ஆய்வகத்தில் ஊட்டமளித்து வைத்துப் பார்த்து 2020-இல் முடிவை வெளியிட்டது. அந்தச் சேற்றில் மிகப் பழையது 10 கோடியே 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் படிந்தது. டைனோசர்கள் உலவிய காலம். அதற்குள் இருந்த பாக்டீரியாக்கள் உணவை எடுத்துக்கொண்டன, பிரிந்து பெருகின. உணவு மிக அரிதான அந்த இடத்தில் அவை வளரவும் இல்லை, சாகவும் இல்லை. கூட்டம் மாற வேண்டுமானால் பழையவை சாக வேண்டும், புதியவை பிறக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ நின்றுபோன இடத்தில் கடந்தகாலம் மட்டும் எங்கே போய்விடும்?

இந்த மந்தம் எல்லாச் சேற்றிலும் ஒரே அளவில் இல்லை. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் விரிகுடாவில் செய்த ஆய்வு, ஆழத்தில் ஆளுகிறவை மேற்பரப்பிலேயே அரிதாக இருந்தவைதாம், புதைந்த பிறகு அவற்றுக்குச் சாதகமான நிலை வந்து எஞ்சி நின்றன என்று காட்டியது. தேர்வு நடக்கிறது, ஆனால் மேலே அன்று யார் இருந்தார்களோ அவர்களுக்குள்தான் நடக்கிறது.

மேலே இருந்தவை எங்கிருந்து வந்தன என்பதும் கடந்தகாலத்தின் பகுதியே. ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உறைநிலையை ஒட்டிய சேற்றை எடுத்து 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கியபோது வெப்பத்தை விரும்பும் பாக்டீரியாக்கள் விழித்துக்கொண்டன. கேசி ஹியூபர்ட் குழுவினர் 2009-இல் கண்டது இது. அந்தக் குளிரில் அவை ஒருபோதும் வளர முடியாது. உலகின் ஏதோ ஒரு சூடான இடத்திலிருந்து வித்துகளாக மிதந்து வந்து, ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டரில் 10 கோடிக்கும் மேல் அங்கே இறங்குகின்றன என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்தச் சேற்றின் வெப்பநிலையை வைத்து இவற்றை யாராலும் ஊகித்திருக்க முடியாது.

நான் அறிந்தவற்றுள் மிகத் தொலைவான கடந்தகாலம் ஜப்பானின் ஷிமோகிட்டா தீபகற்பத்துக்கு அப்பால் இருக்கிறது. சிக்யூ என்னும் துளையிடும் கப்பல் 2012-இல் அங்கே கடலடிக்குக் கீழ் 2,466 மீட்டர் வரை இறங்கியது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆழத்தில் நிலக்கரி அடுக்குகள் இருந்தன. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடல் அல்ல. கரையோரக் காடும் சதுப்பும். பின்னர் அமிழ்ந்து கடலானது. ஃபூமியோ இனகாகி குழுவினர் 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த ஆழத்தில் உயிர் மிகமிக அரிது. கன சென்டிமீட்டருக்குப் பத்துக்கும் குறைவான செல்கள் இருந்த மட்டங்களும் உண்டு. ஆனால் நிலக்கரி சார்ந்த அடுக்குகளில் கூட்டத்தின் சாயல் மேலேயுள்ள கடற்சேற்றின் சாயலாக இல்லை. காட்டு மண்ணின் சாயலாக இருந்தது. கடல் வந்து 2 கோடி ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தச் சிறு கூட்டம் காட்டுவாசிகளாகவே இருக்கிறது.

இனி நம் வங்காள விரிகுடாவுக்கு வருகிறேன். இங்கும் ஆக்சிஜன் குறைந்த அடுக்கு உண்டு. ஆனால் அரபிக்கடலில் பெருமளவு நைட்ரஜன் இழப்பு நடக்கும்போது, வங்காள விரிகுடாவில் அது ஏன் நடப்பதில்லை என்பது நெடுநாள் புதிராக இருந்தது. லாரா பிரிஸ்டோ, எஸ்.டபிள்யூ.ஏ. நக்வி, டொனால்ட் கேன்ஃபீல்ட் உள்ளிட்ட குழு 2017-இல் ஒரு விடை தந்தது. மிக நுண்ணிய அளவில், சாதாரணக் கருவிகளுக்குத் தென்படாத அளவில், அங்கே ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது. லிட்டருக்கு 10 முதல் 200 நானோமோல் வரை. நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகும் வழியில் இடைப்பொருளாக வரும் நைட்ரைட்டை, அந்தத் துளி ஆக்சிஜனைக் கொண்டு சில பாக்டீரியாக்கள் மீண்டும் நைட்ரேட்டாக்கிவிடுகின்றன. நைட்ரஜன் வாயு உண்டாக்குபவற்றுக்குத் தேவையான நைட்ரைட் கிடைப்பதில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்யத் தெரிந்த நுண்ணுயிர்கள் அங்கே இல்லாமல் இல்லை. மற்ற கடல்களில் இருப்பவற்றை ஒத்த கூட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

இந்தச் செய்தி என்னைக் கவலைப்பட வைக்கிறது. எண்ணெய் உண்பவை வளைகுடாவில் தயாராக இருந்தது நல்லதாக அமைந்தது. வங்காள விரிகுடாவில் தயாராக இருப்பவை கடலின் உரத்தை வெளியேற்றக்கூடியவை. ஆறுகளில் உரக்கழிவு கூடி, கடல் சூடேறி, அந்தக் கடைசித் துளி ஆக்சிஜனும் தீர்ந்தால், மாற்றம் மெல்ல மெல்ல வரும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. புதிய உயிர் எங்கிருந்தும் வந்து குடியேற வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் அறிய வேண்டுமானால் கடந்தகாலத்தை யாரேனும் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1931-இல் வணிகக் கப்பல்களின் பின்னே ஒரு கருவியைக் கட்டி இழுக்கச் செய்தார். பட்டுத் துணிச் சுருளில் மிதவை உயிர்கள் சிக்கின; சுருள்கள் ஃபார்மலினில் வைக்கப்பட்டன. மீன்வளத்துக்காகத் தொடங்கிய வேலை. பல பத்தாண்டுகள் கழித்து லூயிஜி வெட்சுல்லி என்ற இத்தாலிய ஆய்வாளரும் குழுவினரும் அந்தப் பழைய துணிகளிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து, வட கடல் சூடேறியதோடு விப்ரியோ பாக்டீரியாக்களின் பங்கும் ஏறிவந்ததைக் காட்டினார்கள். காலராக் கிருமியும் இதே விப்ரியோ பேரினத்தைச் சேர்ந்ததுதான். துணியைப் பத்திரப்படுத்தியவர்கள் இப்படி ஒரு பயனைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் காண்டோலிம் கடற்கரைக்கு அப்பால் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஒரே இடத்தில் தொடர்ந்து அளந்துவருவதையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் ஆண்டுதோறும் ஆக்சிஜன் வற்றித் திரும்புவதைப் பற்றி நாம் உறுதியாகப் பேச முடிவது அத்தகைய உழைப்பால்தான்.

நம் சென்னைக்கு வடக்கே எண்ணூர் கடலில் 2017 ஜனவரி 28 அன்று இரண்டு கப்பல்கள் மோதி எரிபொருள் எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளிய படங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் பரவியது. வலைகளும் படகுகளும் பாழாயின, அலையாத்திச் செடிகளில் எண்ணெய் படிந்தது. 2023-இன் எண்ணெய் எதிர்கொண்ட பாக்டீரியாக் கூட்டம் 2017-இன் எண்ணெய் எதிர்கொண்ட அதே கூட்டமா? முதல் கசிவில் பெருகியவற்றின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளும் சேற்றில் தங்கியிருந்தனவா? ஆண்டுக்கு ஒரு முறை கொசஸ்தலையாற்று வெள்ளம் வந்து அந்தச் சேற்றைப் புரட்டிப்போடும் இடத்தில் அப்படித் தங்கத்தான் முடியுமா? இவை மெக்சிகோ வளைகுடாவின் பதிலைக் கொண்டு தீர்க்கக்கூடிய கேள்விகள் அல்ல. எண்ணூரின் சேறுதான் சொல்ல வேண்டும்.

இந்த அரங்கில் முதுகலை மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கழிமுகத்தில் இரண்டு இடம், வெளியே கடலில் ஓர் இடம் தேர்ந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, விபத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு குப்பி நீரும் ஒரு கைப்பிடி சேறும் எடுத்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். வெப்பநிலையும் உப்பும் ஆக்சிஜனும் எழுதும்போது அதனோடு முந்தைய மாதத்தில் மழை எவ்வளவு, முகத்துவாரம் திறந்திருந்ததா, நீரோட்டம் வடக்கா தெற்கா என்பதையும் குறித்துவையுங்கள். கடைசி இரண்டையும் அங்குள்ள மீனவர்களிடம் கேட்டால் உங்கள் கருவியைவிடச் சரியாகச் சொல்வார்கள். உங்கள் ஆய்வுப் பட்டத்துக்குள் அந்தக் குப்பிகளைத் திறக்க வேண்டிய தேவை வராமல் போகலாம். அப்போதும் அவற்றை எறிந்துவிடாமல், எடுத்த நாளும் இடமும் அழியாத மையில் எழுதி, அடுத்து வரும் மாணவரிடம் சாவியோடு ஒப்படையுங்கள்.